ஊட்டிக் குளிரில் மங்கிய பச்சை லேசரைச் சீராக்கிய விதம்

நைட்ரோ ஸ்பைரோபைரான் சாயத்தை எத்தனாலில் கரைத்து, 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் காட்டினால், மூலக்கூறிலுள்ள ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து கரைசல் செவ்வூதா நிறம் பெறும்; 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் அப்பிணைப்பு மீண்டும் கூடி நிறம் வெளுக்கும். வேதிவினையை ஒளியே இருபுறமும் நடத்துவதைக் கண்ணால் காண இதைவிட அழகான சோதனையை நான் அறியேன்.

ஆனால் ஊட்டியின் மார்கழிக் காலைகளில் நிறம் வெளுக்க வெகுநேரம் பிடித்தது. நண்பகலில் அதே கரைசல் விரைவாக வெளுத்தது. குளிரில் வெப்பவினை தளரும் என்றாலும், ஒளிவினையின் வேகம் பெரும்பாலும் ஒளியின் வலிமையைப் பொறுத்தது என்பதால், லேசர் கற்றையின் பாதையில், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளி டையோடு ஒன்றை வைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். காலையில் அளவு மிகத் தாழ்ந்திருந்ததுடன், நிலையின்றி ஏறி இறங்கியது.

இவ்வகை லேசரில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தரும் லேசர் டையோடு நியோடிமியப் படிகத்தைத் தூண்டுகிறது; படிகம் தரும் அகச்சிவப்பே பின்னர் பச்சையாக மாற்றப்படுகிறது. ஒரு டிகிரி குளிர்ந்தால் டையோடின் அலைநீளம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் குறையும். படிகம் உறிஞ்சும் அலைநீளப் பட்டையோ குறுகியது; குளிரில் டையோடின் ஒளி அதைவிட்டு விலகுவதால் பச்சை மங்குகிறது. எனவே லேசரை அலுமினியக் கட்டைக்குள் இறுக்கி, சிறு சூடேற்றியும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி 25 டிகிரியில் நிறுத்தினேன். அளவு அசையாமல் நின்றது.

கற்றையில் கசியும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியையும் முன்னே வைத்தேன். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் விழித்திரையைச் சுடக்கூடியது என்பதால், அந்த அலைநீளங்களையும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இன்றி எவரையும் மேசையருகே விடுவதில்லை.