பழைய கியர் ஸ்கூட்டர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஜாஜ் சேத்தக், வெஸ்பா, எல்.எம்.எல். என்று பழைய கியர் ஸ்கூட்டர்களைத் தேடி அலைபவர்களின் ஆசையில் நியாயம் இருக்கிறது. இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்றும் சுகமும், இரும்புத் தகட்டில் வார்த்த அந்த வளைவுகளும் இன்றைய பெரும்பாலான வண்டிகளில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த வளைவுகளில் மயங்கித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

பெரிய தவறு, புதுப் பெயிண்டை நம்புவது. 1946இல் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். தனியாகச் சட்டம் (ஃபிரேம்) வைக்காமல், தகட்டு உடலையே வண்டியைத் தாங்கும் சட்டமாக்கினார். சேத்தக்கும் அந்த வழியில் வந்ததுதான். எனவே கால் வைக்கும் தளத்தைத் துரு தின்றுவிட்டால், வண்டியின் முதுகெலும்பே போயிற்று. ரப்பர் விரிப்புக்கு அடியில் தங்கும் மழைநீர் போதும். கடலோர ஊர் வண்டியென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஓட்டையில் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகட்டில் ஒட்டும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பிறகு வண்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். விற்பவர் சாய்க்க விடவில்லையா, பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வகைகளில் குழாய்ச் சட்டம் தனியாக உண்டு. அவற்றில் தகடு கெட்டாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஆயில். பழைய டூ ஸ்ட்ரோக் சேத்தக்குக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி ஆயில் கலக்க வேண்டும். புகை வருகிறதென்று குறைத்தால் பிஸ்டன் இறுகும். பயந்துபோய் இரட்டிப்பாக ஊற்றினால் பிளக் கருகி, சைலன்சர் அடைத்துக்கொள்ளும். மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே நெடுந்தூரம் இறங்குவதும் ஆபத்து. பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் உள்ளே போகிறது. ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்கள் அவ்வப்போது சிறிது ஆக்சிலேட்டர் கொடுத்து இறங்க வேண்டும். எஞ்சின் திடீரென இறுகிப் பிடித்தால், யோசிக்காமல் கிளட்சை அழுத்துங்கள்.

பஞ்சர் ஒட்டும்போது கவனம் தேவை. சக்கர வளையம் இரண்டு பாதிகளாகச் சேர்த்து முடுக்கப்பட்டது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைக் கழற்றினால், அவை வெடித்துப் பிரிந்து கையைப் பதம் பார்க்கும்.

டிரம் பிரேக்கும் 10 அங்குலச் சக்கரமும் கொண்ட வண்டியை இன்றைய நெரிசலில் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வேறொரு வண்டியும் வீட்டில் இருக்கட்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு கௌரவமாகத் தோன்றும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்ல விதி இடம் தராது.