ஹேக்கிலிருந்து தீர்ப்பு வந்தால் எப்படிப் படிப்பது

பத்திரிகை டெஸ்க்கில் இரவுப் பணி, உலகச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றங்களிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தால் போதும், நான் தலைப்புப் போடுவதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மச்சான் கருத்துச் சொல்லி முடித்திருப்பார். சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

முதலில் எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். செய்தியில் அடிக்கடி அடிபடுபவை இரண்டு. சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் அங்கம். 15 நீதிபதிகள். நாட்டின் மேல் நாடு வழக்குப் போடும் இடம் அது, யாரையும் சிறையில் தள்ளாது. தனிமனிதர்களை விசாரிப்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். 2002இல் தொடங்கிய அது ஐ.நா.வின் அங்கம் அல்ல. 2023 மார்ச்சில் புதினுக்கும் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் பிடிவாரண்ட் போட்டது அதுதான். இந்தியா, இலங்கை, அமெரிக்கா, சீனா எதுவும் அதில் உறுப்பினர் இல்லை. ஆகவே "ஐ.நா. நீதிமன்றம் வாரண்ட்" என்று ஃபார்வர்டு வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. காசா விவகாரத்தில் இஸ்ரேல் மேல் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2024 ஜனவரி 26 அன்று வந்தது இடைக்கால உத்தரவு. இனப்படுகொலை நடந்ததா இல்லையா என்று நீதிமன்றம் அன்று முடிவு செய்யவில்லை. எங்கள் டெஸ்க்கிலேயே அன்றிரவு இதற்கு ஒரு சண்டை நடந்தது.

சரி, இப்போது ஆவணத்தைத் திறங்கள். நீதிமன்றத்தின் இணையதளத்தில் செய்திக்குறிப்பும் சுருக்கமும் கிடைக்கும். முழுத் தீர்ப்பையும் படிக்க நேரமில்லை என்றால் நேரே கடைசிப் பத்திக்குப் போங்கள். உத்தரவும், ஒவ்வொரு அம்சத்துக்கும் எத்தனை ஓட்டு என்பதும் அங்கேதான் இருக்கும். கையில் இரண்டு கேள்வி இருந்தால் போதும்: வழக்குப் போட்டவர் என்ன கேட்டார்? அதில் எது கிடைத்தது?

உளவு பார்த்ததாகப் பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கை எடுத்துக்கொண்டு பழகலாம். 2017 ஏப்ரலில் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. தூதரக அதிகாரிகள் அவரைப் பார்க்க அனுமதிக்கவில்லை என்று இந்தியா ஹேக் போனது. தண்டனையை ரத்து செய்ய வேண்டும், அவரை விடுவிக்க வேண்டும், பத்திரமாக ஊர் திரும்ப வழிசெய்ய வேண்டும் என்று கேட்டது. 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பு. தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தைப் பாகிஸ்தான் மீறிவிட்டது, தண்டனையை மறுஆய்வு செய்ய வேண்டும், அதுவரை நிறைவேற்றக் கூடாது என்று 15க்கு 1 என்ற கணக்கில் சொன்னார்கள். ரத்து, விடுதலை, ஊர் திரும்புதல் மூன்றும் கிடைக்கவில்லை. டெல்லியில் "மாபெரும் வெற்றி" என்றார்கள். அவரை விடுவிக்கச் சொல்லாததற்காக இம்ரான் கான் நீதிமன்றத்தைப் பாராட்டினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்குப் பாதியைச் சொன்னார்கள். கடைசிப் பத்தியைப் படித்தவருக்கு மட்டும் முழுசும் தெரியும்.

அந்த ஓட்டுக் கணக்கையும் கவனியுங்கள். எதிர்த்த ஒருவர், வழக்கமான 15 பேருக்கு மேல் அந்த வழக்குக்காக மட்டும் பாகிஸ்தான் நியமித்த நீதிபதி. பாகிஸ்தானின் நட்பு நாடான சீனாவின் நீதிபதியோ பெரும்பான்மையோடு நின்றார். "அவரவர் நாட்டுக்குத்தானே ஓட்டுப் போடுவார்கள்" என்பவருக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மறுப்புத் தெரிவித்தவர் தன் காரணங்களைத் தனியாக எழுதிவைப்பார். அதையும் ஒரு நோட்டம் விடுங்கள். தீர்ப்பை எதிர்த்து எழுதப்போகிறீர்கள் என்றால் நல்ல வாதம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அப்புறம், யார் அமல்படுத்துவது? சர்வதேச நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. தீர்ப்பை மதிக்காத நாட்டின் மேல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் புகார் செய்யலாம், அவ்வளவுதான். 1986இல் நிகரகுவா வழக்கில் தோற்ற அமெரிக்கா, அந்த மன்றத்தில் வீட்டோ போட்டே தப்பித்தது. குற்றவியல் நீதிமன்றம் உறுப்பு நாடுகளை நம்பியிருக்கிறது. 2024 செப்டம்பரில் புதின் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் போனார், வரவேற்பு அணிவகுப்புதான் நடந்தது. ஆனால் 2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டேயை மணிலா விமான நிலையத்தில் பிடித்து ஹேக்குக்கு அனுப்பினார்கள். "இந்தக் கோர்ட்டெல்லாம் சும்மா" என்று எழுதுவதாக இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.