பவர்ஷெல் வழியாக ரெஜிஸ்ட்ரி மதிப்பை மாற்றுதல்: நீண்ட கோப்புப் பாதைக்கான அமைப்பு

தமிழ்ப் பெயர்களோடு கோப்புறைக்குள் கோப்புறையாக ஆவணங்களை அடுக்கிச் சேமிப்பவர்கள், விண்டோஸ் கணினியில் ஒரு கட்டத்தில், பாதை மிக நீளமாக இருக்கிறது என்ற மறுப்பைச் சந்திப்பார்கள். விண்டோஸின் பழைய நிரல் இடைமுகம் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கு 260 குறியீட்டு அலகுகளை மட்டுமே ஒதுக்கியிருப்பதுதான் காரணம். டிரைவின் எழுத்து, பின்சாய்கோடுகள், கோப்பின் பெயர், இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் முடிவுக் குறி ஆகிய அனைத்தும் அந்த 260-க்குள் அடங்க வேண்டும். தமிழில் இந்த இடம் இன்னும் விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. யூனிகோடில் உயிர்மெய் எழுத்தின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி அலகுகளாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு 3 எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ என்ற சொல் 5 அலகுகளையும், 7 எழுத்தாகத் தெரியும் ‘கல்வெட்டுகள்’ என்ற சொல் 12 அலகுகளையும் எடுத்துக்கொள்கின்றன. மாவட்டம், வட்டம், ஊர், கோயில், மண்டபம் என்று ஐந்தாறு படிகள் இறங்கினால் வரம்பு எட்டிவிடும்.

2016-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் இந்த வரம்பைத் தளர்த்த ஓர் அமைப்பு இருக்கிறது. அது ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்பட்டிருக்கும் ஒரே ஓர் எண். 0 என்பதை 1 என்று மாற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து மவுஸால் சொடுக்கியும் இதைச் செய்யலாம். ஆனால் கட்டளையாகச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். தட்டிய வரியை அப்படியே ஒரு குறிப்பேட்டில் வைத்துக்கொண்டால், என்ன மாற்றினோம், எங்கே மாற்றினோம் என்பதற்கு அதுவே சான்றாக நிற்கும். பத்துக் கணினிகளில் செய்ய வேண்டியிருந்தாலும் பத்து முறையும் ஒன்றே போல் நடக்கும்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவப்பட்ட மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பொதுக் களஞ்சியம். விண்டோஸ் 95 காலத்துக்கு முன்பு ஒவ்வொரு நிரலும் தனக்கென ஓர் ஐஎன்ஐ கோப்பை வைத்திருந்தது. அவை சிதறிக் கிடந்ததற்கு மாற்றாகவே இந்த ஒற்றைக் களஞ்சியம் விரிவடைந்தது. இதில் கோப்புறை போன்றது கீ. கீயின் உள்ளே பெயர், வகை, தரவு என்ற மூன்று பகுதிகளோடு இருப்பது மதிப்பு. முழுக் கணினிக்கும் பொதுவானவை லோக்கல் மெஷின் கிளையிலும், உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டுமானவை கரண்ட் யூசர் கிளையிலும் இருக்கின்றன. வட்டில் பார்த்தால் முதலாவதன் பெரும்பகுதி விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் என்ற இடத்திலும், இரண்டாவது பயனரின் சொந்தக் கோப்புறையில் என்டியூசர்.டாட் என்ற கோப்பிலும் இருப்பதைக் காணலாம்.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் சாளரமான பவர்ஷெல் இந்த இரண்டு கிளைகளையும் டிரைவ்களைப் போலவே நடத்துகிறது: எச்கேஎல்எம், எச்கேசியு என்ற பெயர்களோடு ஒரு முக்காற்புள்ளி. சி டிரைவுக்குள் நுழைந்து உலாவுவதைப் போல ரெஜிஸ்ட்ரிக்குள்ளும் உலாவலாம் என்பது 2006-இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே அதன் சிறப்பு.

கட்டளைகளை இங்கே ஒலிக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பவர்ஷெல்லின் கட்டளைகள் முழு ஆங்கிலச் சொற்களால் ஆனவை, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அங்கே இல்லை. முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், கட்டளையின் பெயரையும் கீயின் பாதையையும் அதுவே நிரப்பும். தேடும் கீ அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்பதை உறுதிப்படுத்தவும் டேப் விசையே முதல் சோதனை. நிரம்பவில்லை என்றால் பாதையில் எங்கோ பிழை இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடி, வலது சொடுக்கில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறக்கவும். அந்த உரிமை இல்லாமல் லோக்கல் மெஷின் கிளையின் பெரும்பாலான மதிப்புகளைப் படிக்க முடியும், எழுத முடியாது.

எழுதுவதற்கு முன்பு படிக்க வேண்டும். இதை நான் வெறும் ஒழுங்குக்காகச் சொல்லவில்லை. ரெஜிஸ்ட்ரி எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். தவறான பெயரில் எழுதினாலும் அது எச்சரிக்காது, அந்தப் பெயரில் புதிதாக ஒரு மதிப்பை உருவாக்கிவிட்டு அமைதியாக இருக்கும். நாம் மாற்ற வேண்டிய மதிப்பின் பெயர் லாங்பாத்ஸ்எனேபிள்டு. நடுவிலுள்ள ‘ஸ்’ ஒலிக்குரிய எழுத்தை விட்டுவிட்டால் கட்டளை வெற்றியோடு முடியும், ஆனால் எதுவுமே மாறியிருக்காது. பல மணி நேரம் வீணாகும் இடம் இதுதான். ஆகவே முதலில் இந்த வரி:

கெட்-ஐட்டம்ப்ராப்பர்ட்டி -பாத் 'எச்கேஎல்எம்:\சிஸ்டம்\கரண்ட்கண்ட்ரோல்செட்\கண்ட்ரோல்\ஃபைல்சிஸ்டம்' -நேம் லாங்பாத்ஸ்எனேபிள்டு

பாதை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைக் கவனியுங்கள்; இந்தப் பாதையில் இடைவெளி இல்லை என்றாலும், இடைவெளி உள்ள பாதைகள் நிறைய இருப்பதால் எப்போதும் மேற்கோள் இடும் பழக்கம் நல்லது. விடையாக மதிப்பின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் 0 வரும். அந்த எண்ணை, தேதியோடு, குறித்து வையுங்கள். பெயரே இல்லை என்று பிழைச் செய்தி வந்தால் அதையும் குறித்து வையுங்கள். முன்பு 0 ஆக இருந்தது, முன்பு இல்லாமலே இருந்தது என்பவை இரண்டும் வெவ்வேறு நிலைகள், பின்னர் திரும்பும்போது செய்ய வேண்டியதும் வெவ்வேறு.

அடுத்து அந்தக் கீ முழுவதையும் ஒரு கோப்பில் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு பவர்ஷெல்லின் கட்டளைகளைவிட விண்டோஸில் நெடுங்காலமாக இருக்கும் ரெக் என்ற சிறு நிரலே எளிது. பவர்ஷெல் சாளரத்திலேயே அதையும் இயக்கலாம். ரெக் எக்ஸ்போர்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு கீயின் பாதையையும், மற்றோர் இடைவெளி விட்டு ரெக் என்ற நீட்டிப்பில் முடியும் கோப்புப் பெயரையும் தர வேண்டும். ரெக் நிரலுக்குத் தரும் பாதையில் எச்கேஎல்எம்-ஐ அடுத்து முக்காற்புள்ளி வராது. முக்காற்புள்ளி பவர்ஷெல்லின் டிரைவ் முறைக்கு மட்டுமே உரியது. கிடைக்கும் கோப்பு சாதாரண உரைக் கோப்புதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். அதில் எண்கள் எட்டு இலக்கப் பதினறும எண்ணாக எழுதப்பட்டிருக்கும்; எனவே அங்கே 10 என்று முடிவது நம் வழக்கில் 16 என்பதை மறக்கக் கூடாது. கெட்-ஐட்டம்ப்ராப்பர்ட்டி காட்டுவது நம் வழக்கமான பதின்ம எண்.

இந்தக் கோப்பின் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெக் இம்போர்ட் கொடுத்தால், கோப்பில் உள்ள மதிப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்த மதிப்புகள் நீங்காது. அது இருப்பதன் மேல் எழுதுமே தவிர, இல்லாதிருந்ததை மீண்டும் இல்லாமல் ஆக்காது.

இப்போது மாற்றும் வரி:

செட்-ஐட்டம்ப்ராப்பர்ட்டி -பாத் 'எச்கேஎல்எம்:\சிஸ்டம்\கரண்ட்கண்ட்ரோல்செட்\கண்ட்ரோல்\ஃபைல்சிஸ்டம்' -நேம் லாங்பாத்ஸ்எனேபிள்டு -வேல்யூ 1 -டைப் டிவேர்ட்

முதல் முறை இதன் கடைசியில் -வாட்இஃப் என்று சேர்த்து எண்டர் அழுத்துங்கள். எதையும் மாற்றாமல், எந்தக் கீயில் எந்தப் பெயருக்கு என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் பவர்ஷெல் சொல்லும். அதை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, மேல்நோக்கிய அம்பு விசையால் அதே வரியை மீட்டு, -வாட்இஃப் பகுதியை அழித்துவிட்டு மீண்டும் அழுத்தலாம். பிழை இல்லை என்றால் எந்தச் செய்தியும் வராது. ரெஜிஸ்ட்ரி அணுகல் அனுமதிக்கப்படவில்லை என்று வந்தால், சாளரம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறக்கப்படவில்லை என்று பொருள். பிறகு முதலில் படித்த அதே கெட் வரியை மறுபடியும் இயக்கி, 1 என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

-டைப் பகுதியை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். டிவேர்ட் என்பது 32 பிட் எண். ஸ்ட்ரிங் என்பது உரை. எக்ஸ்பேண்ட்ஸ்ட்ரிங் என்பது உள்ளே மாறிகள் விரியக்கூடிய உரை. மல்டிஸ்ட்ரிங் என்பது பல வரி உரை. க்யூவேர்ட் என்பது 64 பிட் எண். பைனரி என்பது வெறும் பைட்டுகள். மதிப்பைப் படிக்கும் நிரல் எந்த வகையை எதிர்பார்க்கிறதோ அந்த வகையில் இல்லையென்றால், தரவு சரியாக இருந்தும் அமைப்பு வேலை செய்யாமல் போகலாம். எண்ணாகத் தெரிவதெல்லாம் டிவேர்ட் என்று முடிவு கட்டவும் கூடாது: மெனு விரிய எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் மெனுஷோடிலே என்ற மதிப்பில் வழக்கமாக 400 என்று இருக்கும், ஆனால் அது ஸ்ட்ரிங் வகை. வகையை அறிய ரெக் கொய்ரி கட்டளை உதவும். அது பெயர், வகை, தரவு மூன்றையும் ஒரே வரியில் காட்டுகிறது.

செய்த மாற்றம் உடனே எல்லா நிரல்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு நிரலும் கோப்பு தொடர்பான வேலையை முதன்முறை செய்யும்போது இந்த மதிப்பைப் படித்து, தான் மூடப்படும் வரை அதையே நினைவில் வைத்திருக்கும். ஆகவே கணினியை மறுதொடக்கம் செய்வதே சரி. அதன் பிறகும், நீண்ட பாதையைக் கையாளத் தெரியும் என்று தன் மேனிஃபெஸ்ட்டில், அதாவது தன்னோடு வரும் விவரக் குறிப்பில், அறிவித்திருக்கும் நிரல்களுக்கு மட்டுமே வரம்பு நீங்கும். பைதான் என்ற நிரல்மொழி 3.6 பதிப்பு முதல் அவ்வாறு அறிவிக்கிறது. பழைய மென்பொருள் ஒன்று தொடர்ந்து மறுத்தால், உங்கள் கட்டளை தவறிவிட்டது என்று எண்ணி ரெஜிஸ்ட்ரியில் மேலும் எதையும் தொட வேண்டாம்.

அலுவலக வலையமைப்பில் இணைந்த கணினியாக இருந்தால், இதே அமைப்பு, நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் ஓரிடத்திலிருந்து விதிக்கும் குரூப் பாலிசி வழியாகவும் நிர்ணயிக்கப்படலாம். நீங்கள் எழுதிய 1 சில மணி நேரத்தில் 0 ஆகத் திரும்பினால், நிர்வாகியிடம் கேட்பதே வழி.

இனி, மிகவும் ஆபத்தான ஒன்றைப் பற்றி. புதிய கீ ஒன்றை உருவாக்க நியூ-ஐட்டம் என்ற கட்டளை உண்டு. கீ ஏற்கனவே இருந்தால் அது பிழை காட்டும். அந்தப் பிழையைத் தவிர்க்கப் பலர் -ஃபோர்ஸ் என்று சேர்த்துவிடுகிறார்கள். கோப்புறை விஷயத்தில் அதனால் தீங்கில்லை. ரெஜிஸ்ட்ரியில் அப்படி இல்லை. ஏற்கனவே இருக்கும் கீயை அதன் மதிப்புகள் அனைத்தோடும் அழித்துவிட்டு, வெறும் கீயை அந்த இடத்தில் வைக்கும். ஓர் அலுவலகக் கணினியில், அச்சிடும் மென்பொருள் ஒன்றின் கீயில் நான் இதைச் செய்திருக்கிறேன். மதிப்பு ஒன்றைச் சேர்க்க எண்ணியவன், அங்கிருந்த அத்தனை மதிப்புகளையும் இழந்தேன். எக்ஸ்போர்ட் செய்த கோப்பு இல்லாததால் மென்பொருளை மறுபடியும் நிறுவ வேண்டியதாயிற்று. எனவே முதலில் டெஸ்ட்-பாத் கட்டளையால் கீ இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபால்ஸ் என்று விடை வந்தால் மட்டும், -ஃபோர்ஸ் இல்லாமல், நியூ-ஐட்டம் கொடுங்கள்.

நீக்கும் கட்டளைகளிலும் இதே கவனம் தேவை. ரிமூவ்-ஐட்டம்ப்ராப்பர்ட்டி ஒரு மதிப்பை மட்டும் நீக்கும். ரிமூவ்-ஐட்டம் கீயையே நீக்கும். முன்பு 0 ஆக இருந்திருந்தால் செட்-ஐட்டம்ப்ராப்பர்ட்டியால் 0 என்று எழுதித் திரும்புங்கள். முன்பு அந்த மதிப்பே இல்லாமலிருந்திருந்தால் ரிமூவ்-ஐட்டம்ப்ராப்பர்ட்டி.

64 பிட் விண்டோஸில் பவர்ஷெல்லின் 32 பிட் வடிவமும் இருக்கிறது. அதன் சாளரப் பெயரில் எக்ஸ்86 என்று இருக்கும். அதிலிருந்து லோக்கல் மெஷினின் சாஃப்ட்வேர் கீக்குள் எழுதினால், எழுதியது வாவ்6432நோட் என்ற வேறொரு கீக்குத் திருப்பப்படும். நம் எடுத்துக்காட்டு சிஸ்டம் கீக்குள் இருப்பதால் பாதிக்காது, ஆனால் பிற மாற்றங்களுக்கு 64 பிட் சாளரத்தையே பயன்படுத்துங்கள்.

கை பழகாதவர்கள் லோக்கல் மெஷினைத் தொடுவதற்கு முன்பு கரண்ட் யூசர் கிளையில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். எச்கேசியு-வில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், அட்வான்ஸ்டு என்று இறங்கினால் ஹைட்ஃபைல்எக்ஸ்ட் என்ற டிவேர்ட் மதிப்பு இருக்கும். 0 என்றால் கோப்புகளின் நீட்டிப்பு தெரியும், 1 என்றால் மறையும். மாற்றிவிட்டு ஸ்டாப்-ப்ராசஸ் -நேம் எக்ஸ்ப்ளோரர் என்று கொடுத்தால் டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து மீளும். விளைவைக் கண்ணால் காணலாம்.

அந்தப் பயிற்சிக்குப் பின் செய்யத் தகுந்த இரண்டாவது உண்மையான மாற்றம் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் நகலை கான்ஃபிக் கோப்புறைக்குள் ரெக்பேக் என்ற இடத்தில் தானாகவே எடுத்து வைத்தது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் வட்டில் இடத்தை மிச்சப்படுத்த இது நிறுத்தப்பட்டது. கோப்புகள் பெயரளவில் இருக்கும், அளவு 0. அதைத் திரும்பப் பெற, லோக்கல் மெஷினில் சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர், கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற கீயில் எனேபிள்பீரியாடிக்பேக்கப் என்ற பெயரில் டிவேர்ட் வகையில் 1 எழுத வேண்டும். இங்கே மதிப்பு முன்பே இருக்காது என்பதால் நியூ-ஐட்டம்ப்ராப்பர்ட்டி பொருந்தும். அதில் வகையைக் குறிக்கும் பகுதியின் பெயர் -ப்ராப்பர்ட்டிடைப். இந்தப் பாதையில் இரண்டு இடைவெளிகள் இருப்பதால் மேற்கோள் குறிகள் இல்லாமல் கட்டளை ஓடாது. மறுதொடக்கம் செய்த பின், அட்மினிஸ்ட்ரேட்டர் சாளரத்தில் கெட்-சைல்ட்ஐட்டம் கொடுத்து ரெக்பேக் கோப்புறையின் பட்டியலை எடுங்கள். லெங்த் நெடுவரிசையில் 0 போய்ப் பெரிய எண்கள் வந்திருந்தால் நகல் எடுக்கப்படத் தொடங்கிவிட்டது.