வீட்டு முற்றத்தில் பனிப்பொழிவை அளப்பது எப்படி?

அமெரிக்காவில் ஈரி ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள பஃபலோ போன்ற ஊர்களில், இன்னும் உறையாத ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு குறுகிய பட்டையாகப் பனியைக் கொட்டுவதால், சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே பொழிவின் அளவு பெரிதும் மாறிவிடும். வீட்டில் எடுக்கும் அளவீடு அங்கே மதிப்புப் பெறுவது இதனால்தான்.

கட்டடங்களையும் மரங்களையும் விட்டு விலகிய, காற்று அதிகம் வீசாத இடத்தில், வெள்ளை வண்ணம் பூசிய, ஏறத்தாழ 40 செ.மீ. சதுரமான ஒட்டுப்பலகையைக் கிடையாக வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி அளந்து, பலகையைத் துடைத்து, புதிய பனியின் மேல்மட்டத்தில் மீண்டும் வையுங்கள். பனி தன் எடையாலேயே அமுங்கும் என்பதால் இடையிலும் அளக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் மறுபடியும் துடைத்து அளந்து கூட்டினால், மொத்தம் செயற்கையாக உயர்ந்துவிடும்.

பனியின் உயரத்தைவிட, அது உருகித் தரும் நீரின் அளவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மழைமானியின் புனலையும் உட்குழாயையும் முன்பே எடுத்துவிட்டு, வெளி உருளையில் விழுந்த பனியை, அளந்தெடுத்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருக்குங்கள். பிறகு ஊற்றிய அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. பனிக்கு 1 செ.மீ. நீர் என்னும் பொதுக்கணக்கு ஏரிப்பனிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இலேசான அந்தப் பனி 20 செ.மீ. சேர்ந்தாலும் 1 செ.மீ. நீர்கூடத் தேறாமல் போகலாம்.