புது மியூசிக் பிளேயர்: பத்தாம் நாளும் ஆசை குறையாமலிருக்க

உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி, பக்கவாட்டில் வால்யூம் குமிழ், திருகும்போது விரலில் தட்டுகிற ‘டிக் டிக்’. பாட்டுக்கென்றே செய்த இந்தப் பிளேயர்கள் மேல் முதல் நாளே மயக்கம் வந்துவிடும். பத்தாம் நாள் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுவதும் சகஜம். ஒலித்தரம் பிடிக்காமல் போவது அரிது. தேடிய பாட்டு கிடைக்காமல் அலுத்துப்போவதே அதிகம். ஆகவே, புது ஹெட்போன் வாங்குகிற யோசனையை ஒத்திப்போட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையை மெமரி கார்டுக்கும், ஃபைலுக்குள்ளேயே பாட்டு, படம், பாடகர் பெயரைக் குறித்துவைக்கும் டேகுக்கும் ஒதுக்குங்கள்.

கார்டு வந்ததும் பாட்டை ஏற்றிவிடாதீர்கள். போலி கார்டு வெளியே 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 16 ஜிபிதான் இருக்கும். அது நிரம்பிய பிறகும் காப்பி ஆவதுபோலவே காட்டும், பிழைச்செய்தி வராது. பாட்டைப் போட்டுப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும். கார்டைச் சோதிக்கும் மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகம் என்றால் 128 ஜிபி எழுதவே 1 மணி 45 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓடவிட்டு வேறு வேலை பாருங்கள். கார்டு தேறிவிட்டால், பிளேயரின் செட்டிங்ஸுக்குள் போய் அங்கேயே ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி முதல் கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வரும்; விலை குறைந்த சில பிளேயர்களுக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் மட்டுமே புரியும். ‘கார்டு இல்லை’ என்று திரை சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

5 நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3யில் 12 எம்பி. சிடி தரத்தில், ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் என்றால் சுமார் 30 எம்பி. 128 ஜிபியில் முதலாவது 10,000 பாட்டு கொள்ளும், இரண்டாவது 4,000 பக்கம். கையில் இருப்பது 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அதை ஃப்ளாக்காக மாற்றி மெனக்கெட வேண்டாம். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுகிற கதைதான்.

இனி டேக். நம் சினிமாப் பாட்டுக்கு இங்கேதான் தலைவலி. ஒரு படத்தில் ஆறு பாட்டு, எட்டுப் பாடகர்கள். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டம் காலியாக இருந்தால், பல பிளேயர்கள் பாடகருக்கு ஒரு ஆல்பமாக அதே படத்தை நாலைந்தாக உடைத்துக் காட்டும். கணினியில் எம்பி3டேக் மென்பொருளைத் திறந்து, படத்தின் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஆல்பத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர். இசையமைப்பாளர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் இளையராஜாவை மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். பிளேயருக்கு அவர்கள் மூன்று பேர். ஏ.ஆர்.ரஹ்மானுக்குப் புள்ளி வைத்தால் ஒருவர், வைக்காவிட்டால் இன்னொருவர். ஃபோல்டராகப் பார்த்துக் கேட்பவர்கள் ஃபைல் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள். வெறும் 1 போட்டால் சில பிளேயர்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

எம்பி3யில் டேகைச் சேமிக்கும் வடிவம் ஐடி3 வி2.3, எழுத்துக் குறியீடு தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்-16 ஆக இருக்கட்டும். பழைய ஐடி3 வி1 தலைப்புக்கு 30 எழுத்துக்கு மேல் இடம் தராது, தமிழுக்கு அதில் வழியே கிடையாது. அதை நீக்கிவிடலாம். அட்டைப்படம் 500-க்கு 500 ஜேபெக் போதும். ‘ப்ரோக்ரெஸிவ்’ வகையில் சேமித்த ஜேபெக்கைப் பல பிளேயர்கள் காட்டாது. சாதாரண ‘பேஸ்லைன்’ வகையாக மாற்றிச் சேமித்தால் படம் வந்துவிடும்.

ஆயிரம் பாட்டுக்கும் தமிழில் பெயர் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பாட்டுக்கு ‘தேன் பொங்கல்’ என்று தலைப்புப் போட்டு ஏற்றிப் பாருங்கள். வெறும் கட்டங்களாக வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை. எழுத்து வந்தும் ‘தே’யின் இரட்டைக்கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துரு இருக்கிறது, அதைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் டேகில் மருந்து கிடையாது, தயாரிப்பாளர் ஃபர்ம்வேரில், அதாவது பிளேயரின் உள் மென்பொருளில், சரிசெய்தால்தான் உண்டு. அதுவரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

பாட்டு ஏற்ற பிளேயரின் யுஎஸ்பி கேபிளைவிடக் கார்டு ரீடர் வேகமானது. ஏற்றி முடித்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கார்டை உருவுங்கள். பிளேயரில் போட்டு ‘அப்டேட் லைப்ரரி’யை அழுத்தினால்தான் பல பிளேயர்களில் புதுப் பாட்டு பட்டியலுக்கு வரும். மேக் கணினியிலிருந்து ஏற்றியிருந்தால், ஒவ்வொரு பாட்டுக்கும் இரட்டையாக, ஓடாத பாட்டு ஒன்று தெரியலாம். புள்ளியும் அடிக்கோடுமாகப் பெயர் தொடங்கும் குட்டி ஃபைல்கள் அவை, அழித்துவிட்டால் நஷ்டமில்லை.

கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு முணுமுணுத்து, அடுத்த புதுப் பாட்டு காதைப் பிளந்தால், கணினியில் ஃபூபார்2000 மென்பொருளில், பாட்டுகளின் ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஓட்டி, பிளேயரிலும் அதே அமைப்பை ஆன் செய்யுங்கள். பிளேயர் ஹெட்போனுக்குத் தரும் ஒலிப்பெருக்க அளவான ‘கெயின்’ என்ற தனி அமைப்பு ‘லோ’வில் தொடங்கட்டும். 16 முதல் 32 ஓம் மின்தடை கொண்ட இயர்போனுக்கு அது தாராளம். ‘ஹை’யில் வைத்தால் பாட்டுக்கு நடுவே ‘உஸ்’ இரைச்சல் கேட்கலாம். 300 ஓம் ஹெட்போனுக்குத்தான் ‘ஹை’ வேண்டும். இடது வலதுக்குத் தனித்தனி இணைப்பு தரும் 4.4 மிமீ பேலன்ஸ்டு துளையில் சாதாரண 3.5 மிமீ ஹெட்போனை அடாப்டர் போட்டுச் செருகவே கூடாது: இடது வலது இரண்டின் எதிர்முனைகளும் ஒட்டிப்போய், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சிப் கருகலாம்.

டைப்-சி போர்ட் இருந்தும் போன் சார்ஜரின் சி-டு-சி கேபிளில் சார்ஜ் ஏறவில்லையா? பிளேயர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். மலிவான போர்டுகளில், ‘நான் சார்ஜ் ஏற்றிக்கொள்கிற சாதனம்’ என்று சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய அகலமான ஏ முனை கொண்ட கேபிளையும் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரையும் போட்டால் ஏறிவிடும். சில மாதம் தொடமாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி உப்பினால் முதலில் திரைதான் மேலே தூக்கும்.