எட்டுக்குப் பத்து அறை, கையில் 8,000 ரூபாய்: வெளியில் தங்கிப் படிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்னைக்குப் படிக்க வந்து, விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியில் அறை எடுக்கும் மாணவருக்குப் பல நேரங்களில் வாய்ப்பது மொட்டைமாடியில் தனியாகக் கட்டப்பட்ட எட்டுக்குப் பத்து அடி அறைதான். நான்கு சுவர், ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் கொடுத்த பிறகு உங்கள் கையில் 8,000 ரூபாய் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகைக்குள், மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கவும் நன்றாகத் தூங்கவும் ஏற்றபடி அறையை எப்படி அமைப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். அப்படிப்பட்ட அறையில் நான்கு ஆண்டுகள் இருந்து நான் கண்டுகொண்டது இதுதான்: முதுகுக்கும் கண்ணுக்கும் மட்டும் தாராளமாகச் செலவிட வேண்டும், மற்றவை பழையனவாகவோ இரவலாகவோ இருந்தால் போதும். கீழே வரும் கணக்கு முழுவதும் இதை வைத்தே போடப்பட்டது.

முதல் படி: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

சாவி கையில் கிடைத்ததும் கடைக்கு ஓடாதீர்கள். மூன்று இரவுகள் வெறும் பாயில் படுத்து, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் இறங்குகிறது, ஜன்னல் வழியாக எங்கே காற்று வருகிறது, பிளக் எந்த மூலையில் இருக்கிறது, சுவரில் எங்கே ஓதம் பூத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேற்குச் சுவர் மாலை வரை வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கக்கும் என்பதால், கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போடக் கூடாது.

பிறகு ஒரு டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு தரையிலேயே வரையுங்கள். கட்டிலுக்கு ஆறேகால் அடிக்கு மூன்றடி, மேசைக்கு மூன்றடிக்கு இரண்டடி என்று கட்டம் போட்டு, கதவு உள்ளே திறக்குமானால் அது சுழலும் வளைவையும் குறித்துக்கொண்டு, அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்து பாருங்கள். எண்பது சதுர அடியில் கட்டிலும் மேசையும் மட்டுமே ஏறக்குறைய 25 சதுர அடியை எடுத்துக்கொள்கின்றன என்பது அப்போதுதான் உறைக்கும். பீரோ வாங்கும் எண்ணமும் அங்கேயே விலகிவிடும். மாடிப்படியின் அகலத்தையும், அது திரும்பும் இடத்தின் இடைவெளியையும் மறக்காமல் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான் முதலில் வாங்கிய மேசை அந்தத் திருப்பத்தில் சிக்கியதால், அதை வாங்கிய கடைக்கே மறுநாள் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதச் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதி அதில் போனது.

இரண்டாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

படுக்கைக்கு 3,500, மேசை நாற்காலிக்கு 2,000, விளக்குக்கும் மின் இணைப்புப் பலகைக்கும் (எக்ஸ்டென்ஷன் போர்டு) 1,000, அலமாரி, கொடி, திரைச்சீலை ஆகியவற்றுக்கு 800, வண்டிக்கூலிக்கு 700 என்பது என் பரிந்துரை. வண்டிக்கூலியைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவர மீன்பாடி வண்டியும், தொலைவிலிருந்து கொண்டுவரக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியும் ஏற்றவை. இரண்டு மூன்று சாமான்களை ஒரே நடையில் ஏற்றிவிடும்படி திட்டமிட்டால் இந்தத் தொகை போதும். கல்லூரியில் இறுதியாண்டு முடித்தவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் அறையைக் காலி செய்யும்போது கட்டிலையும் மேசையையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜூன் மாதம் சேரப்போகும் தம்பி தங்கைகள், ஊரிலிருந்து முன்பே வந்த அண்ணனிடமோ அக்காவிடமோ சொல்லி வைத்தால், பழைய சாமான் கடைக்குப் போகாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாம் படி: படுக்கை

மெத்தையை எந்தக் காரணத்துக்காகவும் பழையதாக வாங்காதீர்கள். புதிதாக வாங்குவதில் உங்கள் தொகைக்கு எட்டுபவை இரண்டு. தென்னைநார் மெத்தை கெட்டியாக இருந்து முதுகைத் தாங்கும். காற்றும் அதனுள் புகுந்து வரும். இலவம் பஞ்சு மெத்தை கோடையிலும் சூடேறாமல் இருக்கும், ஆனால் மாதத்துக்கு இரண்டு முறையாவது வெயிலில் போட்டு உதற வேண்டும். இல்லையென்றால் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். மொட்டைமாடியில் குடியிருப்பவருக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் நான் இலவம் பஞ்சையே சொல்வேன். 2,000 ரூபாய்க்குள் ஒற்றைக் கட்டிலுக்கான மூன்று அங்குல மெத்தையை விசாரித்துப் பாருங்கள். அதற்கும் வழியில்லையென்றால், கோரைப் பாயின் மேல் கனமான பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டுச் சில மாதங்கள் ஓட்டலாம். கோரை உடல் வியர்வையை உறிஞ்சிக்கொள்வதால் சென்னைக்கு அது பொருத்தமான படுக்கைதான்.

மெத்தையைத் தரையில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தரை குளிர்ந்து ஈரம் கோக்கும்போது, மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே கட்டில் வேண்டும். அது பழையதாக இருக்கலாம். பழைய கட்டிலென்றால் இரும்புக் கட்டிலாகவே வாங்குங்கள். மரக்கட்டிலின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி புகுந்திருந்தால் அதை ஒழிப்பது மிகவும் கடினம்.

வாங்கும் முன் செல்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, கால்களும் சட்டமும் சேரும் மூலைகளையும், போல்ட் துளைகளையும், மேலே போட்டிருக்கும் பிளைவுட்டின் அடி விளிம்பையும் நிதானமாகப் பாருங்கள். பேனா முனையால் வைத்தது போன்ற கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தாலும், வெளிறிய மெல்லிய தோல் உரிகள் ஒட்டியிருந்தாலும் அங்கே மூட்டைப்பூச்சி குடியிருந்திருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளியை ஈரத்துணியால் தேய்த்தால் பழுப்பாகக் கரைந்து பரவும். அப்படிப்பட்ட கட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தெரியாமல் ஒன்றை வாங்கிவந்து, பருவத்தேர்வுக்கு முன்பு மூன்று வாரம் தூக்கமில்லாமல் நான் பட்ட துன்பத்தை வேறு யாரும் படக் கூடாது என்பதால் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். சுத்தமாகத் தெரியும் கட்டிலையும் மாடிக்கு வந்ததும் அறைக்கு வெளியே கழற்றி வைத்து, கொதிக்கும் வெந்நீரைக் குழாய்க் கால்களுக்குள்ளும் மூலைகளிலும் ஊற்றி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவிட்டு, அதன் பிறகே உள்ளே கொண்டுசெல்லுங்கள்.

நான்கு கால்களின் கீழும் ஒரு செங்கல்லைப் படுக்கவைத்தால் கட்டில் மூன்று அங்குலம் உயரும். ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி அதன் அடியில் போய்விடும். அதுவே உங்கள் துணி பீரோ.

நான்காம் படி: மேசையும் நாற்காலியும்

மேசை 30 அங்குல உயரம், நாற்காலியின் இருக்கை 18 அங்குல உயரம் என்பது பொதுவான அளவு. உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணமாக மடங்க வேண்டும். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். கால் எட்டவில்லையென்றால் இரண்டு செங்கற்களைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வையுங்கள்.

மேசைக்குப் பெரிதாகச் செலவிட வேண்டாம். பழைய மரச்சாமான் கடையில் மூன்றடிக்கு இரண்டடி மேசை கிடைத்தால், விரல் கணுவால் கால்களைத் தட்டிப் பாருங்கள்: பொத்தென்ற ஓசை வந்தாலோ, அடியில் மாவு போலத் தூள் உதிர்ந்திருந்தாலோ மரம் உளுத்துவிட்டது. மிச்சமாகும் பணத்தை நாற்காலியில் போடுங்கள். அலுவலகங்களைக் காலி செய்யும்போது விற்கும் சுழல் நாற்காலிகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அதில் இருக்கையை உயர்த்தி வைத்து, கடைக்காரர் என்ன சொன்னாலும் ஐந்து நிமிடம் முழுமையாக உட்கார்ந்திருங்கள்; இருக்கை மெல்லக் கீழே இறங்கினால் நடுத்தண்டு போய்விட்டது, அதை மாற்றுவதற்கு ஆகும் செலவில் வேறு நாற்காலியே வாங்கிவிடலாம்.

ஐந்தாம் படி: விளக்கும் மின்சாரமும்

இத்தகைய அறைகளில் குழல்விளக்கு பெரும்பாலும் வாசலுக்கு மேலே இருக்கும். ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்தால் உங்கள் நிழலே புத்தகத்தின் மேல் விழும். அதனால்தான் கண்ணுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கச் சொன்னேன். ரிச்சி தெருவிலோ உங்கள் பகுதி எலக்ட்ரிகல் கடையிலோ, மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் விளக்கொன்றை வாங்கி, 9 வாட் எல்.இ.டி. பல்பைப் பொருத்துங்கள். வலக்கையால் எழுதுபவர் அதை இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. இடக்கையால் எழுதுபவர் வலப்பக்கம் வைக்க வேண்டும்.

மின் இணைப்புப் பலகையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதையே வாங்குங்கள். சாதாரணப் பலகை 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். மடிக்கணினி, விளக்கு, செல்பேசி மூன்றும் சேர்ந்தாலும் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். ஆனால் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையோ 1,500 வாட் கெட்டிலையோ அந்தப் பலகையில் செருகினால் கம்பி சூடேறி அதன் உறை உருகலாம், தீயும் பிடிக்கலாம். அவற்றுக்குச் சுவரில் உள்ள பெரிய, 16 ஆம்பியர் பிளக் மட்டுமே ஏற்றது. அது இல்லாத அறையில் சமைக்க வேண்டாம்.

ஆறாம் படி: புத்தகமும் துணியும்

சுவரில் துளை போட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். ஒட்டும் கொக்கிகளோ சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்பதில்லை. சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டே விழும். ஆகவே தரையில் நிற்கும் அலமாரியே நல்லது. முக்கால் அங்குலப் பிளைவுட்டில் மூன்றடி நீளமும் பத்து அங்குல அகலமும் உள்ள மூன்று துண்டுகளைக் கடையிலேயே அறுத்து வாங்கி, செங்கற்களை அடுக்கி அவற்றின் மேல் வையுங்கள். பொறியியல், மருத்துவப் புத்தகங்களின் கனத்தில் பலகை நடுவில் தொய்யும் என்பதால், நடுவிலும் ஒரு செங்கல் அடுக்கு வேண்டும். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இரண்டு விரல்கடை இடம் விட்டால் ஓதமும் கரையானும் புத்தகத்துக்கு எளிதில் ஏறா.

துணிகளை டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையுடன் வையுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாமல், கொடியை வெளியே மாடியில் கட்டுங்கள்.

ஏழாம் படி: கோடைக்கு முன்பே சூட்டைத் தணியுங்கள்

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை அறைக்குள் இறக்கும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மார்ச் மாதத்திலேயே அறையின் கூரைமேல் சுண்ணாம்பை இரண்டு முறை கெட்டியாக அடித்துவிட்டால், வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். என் அறையில் இதைச் செய்த அன்றிரவே வித்தியாசம் தெரிந்தது. ஜன்னலுக்குப் பழைய வெள்ளை வேட்டியே நல்ல திரைச்சீலை. வெட்டிவேர்த் தட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்ச்சி தரும், வறண்ட காற்று வீசும் வேலூரில் அது நன்றாக வேலை செய்யும், கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் பலன் குறைவு. அந்தப் பணத்தில் மின்விசிறியின் கண்டென்சரை மாற்றுங்கள். மந்தமாகச் சுற்றும் பழைய விசிறி பல நேரங்களில் அதிலேயே வேகம் பிடித்துவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்தே செய்யுங்கள்.

படிப்பு முடிந்து காலி செய்யும் நாளில் கட்டிலையும் மேசையையும் அடுத்து வரும் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் போகலாம். கட்டிலைக் கழற்றும்போதே போல்ட்டுகளையும் திருகுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அவை தொலைந்தால், அந்த அளவில் மறுபடி தேடிப் பிடிக்க அவர்கள் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்.