ஏடிசி பயிற்சியில் சேரும் முன்: ரீட்பேக்கில் தப்பைப் பிடிக்கக் காதைப் பழக்குவது எப்படி?

வயது 21, மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் திறனில் குறைந்தது நிலை 4. ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், கண்ட்ரோலர் உரிமத்துக்கு ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வைத்திருக்கும் அடிப்படை இதுதான். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அதைப் பார்த்துக்கொள்ளலாம். சிமுலேட்டர் முன் உட்கார்ந்ததும் புதியவர்கள் சறுக்குவது பேசுவதில் அல்ல, கேட்பதில். கண்ட்ரோலரின் கட்டளையை விமானி திருப்பிச் சொல்வதுதான் ரீட்பேக். அதை அவர் தப்பாகச் சொல்வார். இவர்கள் சரி என்று விட்டுவிடுவார்கள். இதைப் பழக ஒரு நண்பர், காகிதம், பேனா, போனில் இருக்கும் ரெக்கார்டர் போதும்.

படி 1: எண்கள்

ரேடியோவில் 3 'ட்ரீ', 4 'ஃபோவர்', 5 'ஃபைஃப்', 9 'நைனர்', ஆயிரம் 'டௌசண்ட்'. நம் வாயில் 'ஃபைஃப்' எளிதாக 'பைப்' ஆகிவிடும், கவனம். ஹெடிங் (போகும் திசை, பாகையில்), ரன்வே, ஸ்குவாக் (ரேடாருக்கான நான்கு இலக்கக் குறியீடு) எல்லாம் ஒவ்வோர் இலக்கமாக. உயரம் மட்டும் வேறு: 2400 அடி என்றால் 'டூ டௌசண்ட் ஃபோவர் ஹண்ட்ரட்'. ஃப்ளைட் லெவல் (நூறு அடிகளில் சொல்லும் உயரம்) 100 என்றால் 'ஒன் ஹண்ட்ரட்'. 'ஒன் ஸீரோ ஸீரோ' என்றால் இரைச்சலில் 110 போலக் கேட்கும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1989 பிப்ரவரியில் மலேசியாவின் சுபாங் நோக்கி இறங்கிய ஒரு சரக்கு 747க்கு 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று சொல்லப்பட்டது. அந்த 'டூ' 2 என்ற எண்ணாக இல்லாமல், ஆங்கில 'to' போல, '400க்கு இறங்கு' என்று விமானத்தில் கேட்டது. 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதில் வந்தது, யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள்.

படி 2: ஸ்ட்ரிப்

ஒவ்வொரு விமானத்துக்கும் கண்ட்ரோலர் வைத்திருக்கும் குறிப்புச் சீட்டுதான் ஸ்ட்ரிப். காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, கால்சைன் (விமானத்தின் அழைப்புப் பெயர்), லெவல் (உயரம்), ஹெடிங் என்று மூன்று கட்டம் போடுங்கள். ஆப் வேண்டாம், பால்பாயிண்ட் பேனாவே நல்லது: அடித்த பழைய லெவலும் கண்ணில் இருக்கும். கட்டளை கொடுக்கும்போதே எண்ணை எழுதுங்கள். டிக் மட்டும் ரீட்பேக் முழுதாக முடிந்த பிறகு.

படி 3: இருபதுக்கு மூன்று

முக்கியமான படி இதுதான். 20 கட்டளைகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு விஷயத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவதைச் சேர்த்தால் விமானி எதையாவது விடுவார். வேகம் நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டக் கூடாது. ரெக்கார்டரில் பேசி எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் தாண்டியிருப்பீர்கள். இன்னொன்று: மைக் பொத்தானை அழுத்திய அதே நொடியில் வாய் திறந்தால் கால்சைனின் முதல் எழுத்து வெட்டுப்படும்.

நண்பர் விமானி. இருபதில் மூன்றை, எவை என்று சொல்லாமல், தப்பாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். உதாரணம்:

'245, டர்ன் லெஃப்ட் ஹெடிங் ஒன் ட்ரீ ஸீரோ.'
'லெஃப்ட் ஹெடிங் ட்ரீ ஒன் ஸீரோ, 245.'

உங்கள் பதில்: 'நெகட்டிவ், ஐ ஸே அகெய்ன், ஹெடிங் ஒன் ட்ரீ ஸீரோ.' இலக்கம் இடம் மாறுவது ஒரு வகை. இடது வலது மாறுவது, ஒரு விஷயத்தை விழுங்குவது, பக்கத்துக் கால்சைன் (245க்குப் பதில் 254) பதில் சொல்வது மற்றவை. கடைசி வகைதான் அதிகம் நழுவும், ஏனென்றால் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். வெறும் 'ராஜர்' (கேட்டுக்கொண்டேன்) என்று வந்தால் அது ரீட்பேக்கே இல்லை. லெவல், ஹெடிங், ஸ்பீடு, ஸ்குவாக், க்யூஎன்எச் (உயரமானிக்கான காற்றழுத்த அளவு), ரன்வே கிளியரன்ஸ் (அனுமதி) எல்லாம் திரும்ப வந்தே ஆக வேண்டும்.

ஏன் நழுவுகிறது? சொன்னவருக்கு விடை முன்பே தெரியும். எதிர்பார்த்ததையே காது கேட்கிறது. போதாக்குறைக்கு, ரீட்பேக் வரும்போது கண் அடுத்த விமானத்துக்குப் போயிருக்கும். பேனா முனையை எழுதிய எண்ணின் மேலேயே வைத்து, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுக் கேளுங்கள். சில சுற்றுகளில் தப்பே இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். இல்லாத தப்பைத் திருத்துவதும் தப்புதான்.

படி 4: மனக்கணக்கு

120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 2 மைல், 180க்கு 3, 240க்கு 4. முன்னால் 180, பின்னால் 240, இடைவெளி 8 மைல் என்றால் நிமிடத்துக்கு 1 மைல் குறையும். ரேடாரில் 5 மைல் இடைவெளி வேண்டிய இடத்தில் 3 நிமிடம்தான் கையில். விமானம் வேகம் குறைய நேரமெடுக்கும், ஆகவே முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். ரீட்பேக் பழக்கத்தின் நடுவே நண்பர் இப்படி ஒரு கணக்கைத் திடீரென்று கேட்கட்டும். கவனம் பிரியும்போதுதான் காதின் தரம் தெரியும்.

கூடுதலாக: துணைக்கு ஆள் இல்லையென்றால்

ரீட்பேக்குகளைத் தப்புகளோடு நீங்களே தனித்தனிக் கோப்புகளாகப் பதிவுசெய்யுங்கள். மறுநாளே கேட்டால் எல்லாம் நினைவிருக்கும். ஒரு வாரம் விட்டு, ஷஃபிளில் போட்டுக் கேளுங்கள். வாட்ஸிம் போன்ற இணைய சிமுலேஷன்களுக்கு, தொடர்ந்து ஐந்து சுற்றில் ஒன்றுகூட நழுவாத பிறகு போகலாம். அதற்கு முன் போனால் திரையைப் பார்ப்பீர்கள், காது சும்மா இருக்கும்.